மண்டபத்துல நடக்குற பூசையும் அதே பூசைதானா? அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க

உப்பளம்_பொண்ணு:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னிக்குத்தான் மொத தடவ கேக்குறேன். நாங்க பாண்டிச்சேரி கத்தோலிக்கக்காரங்க. எங்க கோயில்ல கூரை வேலை நடக்குது, உள்ள பூரா சாரம் கட்டி வச்சிருக்காங்க, பெஞ்செல்லாம் தூக்கி ஸ்கூல் வராண்டாவுல போட்டாச்சு. அதனால மூணு வாரமா ஞாயித்துக்கிழமை பூசை ஒரு கல்யாண மண்டபத்துல. போன வாரம் முந்தின நாள் ராத்திரிதான் அங்க ரிசப்ஷன் முடிஞ்சிருக்கும் போல, வாசல்ல வாழைமரம் அப்படியே நிக்குது, மேடையில பொண்ணு மாப்ள பேரு வெட்டி ஒட்டுன தெர்மாகோல கழட்டவே இல்ல, அதுக்கு முன்னாடி ஒரு டேபிள் போட்டு வெள்ளைத்துணி விரிச்சு சிலுவை வச்சு ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி ஃபாதர் பூசை வச்சாரு. எழுந்தேற்றத்துக்கு, அதாவது ஃபாதர் அப்பத்தையும் ரசத்தையும் தூக்கிக் காட்டுற நேரத்துக்கு, பையன் மணி அடிக்குறான், அதே நேரம் பின்னாடி டைனிங் ஹால்ல அண்டா தேய்க்குற சத்தம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அம்மா முறைச்சாங்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மா "பூசை கண்ட மாதிரியே இல்லடி, ஏதோ சங்க மீட்டிங்குக்குப் போயிட்டு வந்தாப்புல இருக்கு"ன்னாங்க. அப்பா "சாமி எங்க இருந்தாலும் சாமிதான், உனக்கு ஃபேன் காத்து வரலன்னு சொல்லு"ன்னாரு, அவ்ளோதான், மதிய சாப்பாடு வரைக்கும் சண்டை. இப்ப அம்மா அடுத்த வாரத்துலேருந்து ஆட்டோ புடிச்சு சம்பா கோயிலுக்கோ ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து பசிலிக்காவுக்கோ போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குறாங்க.

சிரிச்சேனே தவிர எனக்கும் உள்ளுக்குள்ள அதே சந்தேகம்தான். ஒரு பூசைய எது புனிதமாக்குது? இடமா, ஃபாதரா, பாட்டா, நம்ம பக்தியா? பசிலிக்காவுல அந்தக் கலர் கண்ணாடி வழியா காலை வெயில் விழும்போது வர்ற ஃபீல் எனக்கு மண்டபத்துல வரல, அது நிஜம். ஃபீல் வரலன்னா சாமி வரலன்னு அர்த்தமா? கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க, "விசுவாசம் வேணும்மா"ன்னு மட்டும் சொல்லி முடிச்சிடாதீங்க ப்ளீஸ்.

மறைக்கல்வி_வாத்தியார்:

தங்கச்சி, இருபது வருஷமா ஞாயிறு மறைக்கல்வி எடுக்குறேன், பசங்க கேக்காத கேள்விய நீ கேட்டிருக்க. அம்மாகிட்ட மொதல்ல ஒண்ணு சொல்லு, சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு. திருச்சபைச் சட்டம் 932ஆவது எண் என்ன சொல்லுதுன்னா திருப்பலி, அதாவது பூசை, புனித இடத்துலதான் நடக்கணும், ஆனா அவசியம்னு வந்துட்டா தகுதியான வேற இடத்துலயும் வைக்கலாம், அப்ப ஏத்த மாதிரி ஒரு மேசை போதும், துணியும், அப்ப ரசத்துக்கு அடியில போடுற திருமேனித்துகிலும் விரிச்சிருக்கணும். உங்க ஃபாதர் செஞ்சது அச்சு அசலா அதேதான், தெர்மாகோல் பேரைத் தவிர. அதை யாராவது ஒரு பெட்ஷீட் போட்டாவது மறைச்சிருக்கலாம்.

இப்ப உன் நாலு சாய்ஸுக்கு வர்றேன். நாலுமே இல்ல. கடவுள் ஒருத்தர்தான் தூயவர், மத்ததெல்லாம் அவர் பக்கத்துல வந்ததால தூய்மையாகுது, அவ்ளோதான் விஷயம். மோசே ஆடு மேய்ச்சிட்டு இருந்த இடம் வெறும் பொட்டல், அங்க ஒரு முட்செடி, அதுக்கு யாரும் எண்ணெய் பூசி மந்திரிக்கல, அவர் அங்க இருந்தாரு, உடனே "செருப்பைக் கழட்டு, நீ நிக்குற இடம் புனித நிலம்"னு குரல் வருது. சாலமோன் அவ்ளோ செலவு பண்ணி ஆலயம் கட்டி அர்ச்சிப்பு அன்னிக்கே என்ன ஜெபம் பண்றாருன்னு பாரு, வானமே உம்மைக் கொள்ளாது, நான் கட்டுன இந்த வீடு எந்த மூலைக்குன்னு. கட்டுன ஆளே சொல்றாரு!

1963 டிசம்பர் 4ஆம் தேதி ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடுன மாநாடு, திருவழிபாட்டைப் பத்தி ஒரு ஏடு வெளியிட்டுச்சு, அதுல 7ஆவது பத்தி இந்தக் கேள்விக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். பூசையில கிறிஸ்து எங்கெல்லாம் இருக்காருன்னு வரிசையா சொல்லுது. பீடத்துல நிக்குற குரு வழியா இருக்காரு, எல்லாத்துக்கும் மேல அப்ப ரசத்துல இருக்காரு, ஞானஸ்நானம் மாதிரி அருளடையாளங்கள்ல தன் வல்லமையால இருக்காரு, வாசகம் வாசிக்கும்போது பேசுறதே அவர்தான், அப்புறம் நாம கூடி ஜெபிச்சு பாடும்போது நம்ம நடுவுலயும் இருக்காரு, ரெண்டு மூணு பேர் என் பேரால கூடுற இடத்துல நான் இருப்பேன்னு அவரே வாக்குக் கொடுத்திருக்காரு. இதுல எது ஒண்ணுக்காவது கூரை வேணும்னு இருக்கா பாரு.

அதுக்காக எல்லாம் ஒரே மாதிரி இருப்புன்னு எடுத்துக்கக்கூடாது. நற்கருணையில, அதாவது பூசையில மாறுற அந்த அப்ப ரசத்துல, இருக்குறது தனி. மத்ததெல்லாம் பொய்யின்னு இல்ல, ஆனா அப்பமும் ரசமும் கிறிஸ்துவாவே மாறிடுது, உடலும் ரத்தமும் ஆன்மாவும் தெய்வீகமுமா முழுசா. அதே மாதிரி பழைய ஆயர் மாநாடு ஒண்ணு, திரிதெந்து சங்கம், 1551ல இதைத் தெளிவா வரையறுத்துச்சு. வாசகம் முடிஞ்சதும் புஸ்தகத்துக்கு முன்னாடி நாம முட்டி போடுறதில்ல, எழுந்தேற்றத்துக்குப் போடுறோம், ஏன்னு இப்ப புரியுதா.

இன்னொண்ணு. ஃபாதர் ரெண்டு கையையும் அப்பத்துக்கும் ரசத்துக்கும் மேல விரிச்சு தூய ஆவிய அனுப்பும்னு கேப்பாரே, கவனிச்சிருக்கியா? அவர் தன் சக்தியால எதையும் பண்ணல, கேக்குறாரு, கையேந்தி. ஆனா அதோட முடியல, எழுந்தேற்றத்துக்கு அப்புறம் திரும்ப ஒரு தடவ அதே ஆவிய கேப்பாரு, இந்த தடவ நமக்காக, இதுல பங்கு பெறுற நாங்க எல்லாரும் ஒண்ணாகணும்னு. அந்த வரி வரும்போது முக்கால்வாசி பேரு காணிக்கைத் தட்டுல சில்லறை சரியா போட்டோமான்னு யோசிச்சிட்டு இருப்போம்.

முதுநகர்_கடற்கரை:

வாத்தியார் சட்டம் சொல்லிட்டாரு, நான் நடந்தத சொல்றேன். தானே புயல் ஞாபகம் இருக்கா எல்லாருக்கும், 2011 டிசம்பர் 30 விடியக்காலைல அடிச்சது. எங்க கடலூர் பக்கம் ஒரு மரம் மிச்சமில்ல, போஸ்ட் கம்பமெல்லாம் வளைஞ்சு கெடக்கு, எங்க சின்ன கோயில்ல ஓடு பாதி காணோம், உள்ள தண்ணி, கிறிஸ்மஸ் குடில் வைக்கோலெல்லாம் ஊறிப்போயி நாத்தம். மறுநாள் ராத்திரி புது வருஷ பூசை. வைப்பாங்களா மாட்டாங்களான்னே தெரியாது. ஃபாதர் கோயில் வாசல்ல மண்ணுல ஒரு மேசைய போட்டாரு, ஒருத்தர் டிராக்டர கொண்டாந்து நிறுத்தி ஹெட்லைட்ட போட்டாரு, மைக் இல்ல கீபோர்டு இல்ல, நிறைய பேரு வீட்டுல அடுப்பே எரியல, லுங்கியோட வந்தவங்களும் உண்டு. டிராக்டர் சத்தத்துல பிரசங்கம் ஒண்ணும் கேக்கல, நல்லதாப் போச்சுன்னு வச்சுக்குவோம்.

ஆனா "தூயவர் தூயவர் தூயவர்"னு பாட ஆரம்பிச்சப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு, இதுதானே பைபிள்ல எசாயா இறைவாக்கினர் கண்ட காட்சியில வர்றது, அங்க ஆலயத்துல வானதூதருங்க பாடுறாங்க, இங்க நாங்க சேத்துல நின்னு அவங்க கூட சேர்ந்து அதே பாட்ட பாடுறோம். ஃபீல் வந்துச்சான்னா பாதி நேரம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு எவ்ளோ ஆகும்னுதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்பவும் அவர் வந்தாரு. நான் கவனிச்சாதான் வருவாருன்னா நாங்க என்னிக்கோ அனாதை.

நான்_கேட்பேன்:

எல்லாம் சரி, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன் கோச்சுக்காதீங்க. டிராக்டர் லைட்டுல வச்சாலும் அதே பூசைன்னா எதுக்குங்க கோடிக்கணக்குல கோயில் கட்டி கோபுரம் ஏத்தி டைல்ஸ் ஒட்டி டொனேஷன் பேர கல்லுல வெட்டுறது? அந்தக் காச மீனவங்களுக்குக் கொடுக்கலாமே. ரெண்டாவது கேள்வி, பூசை வைக்குற ஆளு சரியில்லன்னா? எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல (எந்த ஊருன்னு கேக்காதீங்க) சாமியார் கணக்கு வழக்குல பெரிய கோல்மால், ஊருக்கே தெரியும். அவர் கையில வாங்குறதும் அதே நற்கருணையா? மனசு ஒப்பல. நான் ஒரு வருஷம் நன்மை (அதான் நற்கருணை) வாங்காமலே இருந்தேன்.

மறைக்கல்வி_வாத்தியார்:

தம்பி, ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் சொல்றேன், அதுதான் வலி. இது 1600 வருஷத்துக்கு முந்தின சண்டை. வட ஆப்பிரிக்காவுல தொனாத்து கட்சிக்காரங்கன்னு இருந்தாங்க, துன்புறுத்தல் நேரத்துல விசுவாசத்தை விட்டுக்கொடுத்த ஆயர்கள் கொடுக்குற அருளடையாளம் செல்லாதுன்னாங்க. அங்கயே ஆயரா இருந்த புனித அகுஸ்தீன் ஒத்துக்கல. பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுக்குறது கிறிஸ்துதான், யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துதான்னு எழுதுனாரு. குருவோட புண்ணியத்துல பூசை நிக்குதுன்னா நாம ஒவ்வொரு வாரமும் அவர் மனசுக்குள்ள எட்டிப் பாத்துட்டுல்ல வரணும்? அவர் புனிதமா இருந்தாலும் நமக்கு உறுதி கிடையாது, இல்லன்னாலும் கிடையாது. கிறிஸ்துவே செய்யுறாருங்கறதாலதான் உறுதி.

இதை வச்சு அந்த ஆள நியாயப்படுத்தல. கணக்கு கேக்கணும், மேல எழுதிப்போடணும், அது வேற. நற்கருணை செல்லும்ங்கறது மக்களுக்கு ஆறுதல், அவருக்கு மன்னிப்புச் சீட்டு இல்ல. நீ ஒரு வருஷம் பட்டினி கெடந்தது உனக்குத்தான் நஷ்டம் தம்பி, அவருக்கு இல்ல.

கட்டடக் கேள்விக்கு கொயர் ஆளுங்க யாராவது வாங்க, நான் சொன்னா லெக்சர் ஆயிடும்.

ஆர்மோனியம்_அக்கா:

கூப்பிட்டீங்க வந்துட்டேன். நான் அந்த அம்மா பக்கம். யாருமே அவங்களுக்காகப் பேசல பாருங்க. சாமி வர்றதுக்கு சாம்பிராணி தேவையில்ல, ஒத்துக்குறேன், ஆனா வந்திருக்காருன்னு என் மரமண்டைக்கு உறைக்க சாம்பிராணி தேவைப்படுது. நாம என்ன வெறும் ஆவியா? கண்ணு இருக்கு மூக்கு இருக்கு முட்டி வலி இருக்கு, உடம்பும் சேர்ந்துதான் கும்பிடுது. வீட்டுக்குப் பெரியவர் வர்றாருன்னா கூட்டிப் பெருக்கி கோலம் போடுறோம், கோலம் போட்டதால அவர் வரல, வர்றதாலதான் கோலம். கோயில் கட்டுறதும் அப்படித்தான். ஆனா டொனேஷன் கல்லு விஷயத்துல தம்பி சொல்றதுக்கு நூறு மார்க், எங்க கோயில்ல டியூப்லைட்டுல கூட பேர் எழுதியிருக்கான்.

செருப்பு விஷயம் ஒண்ணு சொல்லணும். 1969ல நம்ம ஊர் வழக்கத்த பூசையில சேர்த்துக்க இந்திய ஆயர்கள் கேட்டு ரோமாபுரியில 12 அம்சத்துக்கு அனுமதி வாங்குனாங்க, செருப்பைக் கழட்டுறது, கைகூப்பி வணங்குறது, முட்டி போடுறதுக்குப் பதிலா குனிஞ்சு வணங்குறது, தரையில உக்காந்து ஜெபிக்குறது, ஆரத்தி, குத்துவிளக்கு மாதிரி. அதுல முன்னாடி நின்னவரு நம்ம உயர்மறைமாவட்டத்துல பொறந்த அமலோற்பவதாஸ் சாமி, பெங்களூர்ல 1967ல திருவழிபாட்டு மையம் ஆரம்பிச்சவரு. அப்ப இதுக்கு எதிர்ப்பும் நல்லாவே இருந்துச்சு. எங்க பாட்டியெல்லாம் அனுமதி வர்றதுக்கு முன்னாடியே செருப்ப கழட்டிட்டுத்தான் நின்னாங்க, அவங்களுக்கு யாரு 12 அம்சம் சொன்னது.

பாதிரிப்புலியூர்_மணி:

நான் கிறிஸ்டியன் இல்ல, ஃப்ரெண்ட் லிங்க் அனுப்புனான். தப்பா எடுத்துக்காம சொல்லுங்க, எங்க கோயில்ல திருப்பணி நடந்தா பாலாலயம்னு ஒண்ணு பண்ணுவோம், மூலவரோட சக்திய கலசத்துலயோ படத்துலயோ மாத்தி தனியா வச்சு பூஜை நடக்கும், வேலை முடிஞ்சு கும்பாபிஷேகத்துல திரும்ப மூலவருக்கு. உங்க சாரம் கட்டுன கோயிலப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கும் அப்படி ஏதாச்சும் உண்டா, இப்ப சாமி எங்க இருக்காரு?

மறைக்கல்வி_வாத்தியார்:

அருமையான கேள்வி சார். வெளியில இருந்து பாத்தா ஒத்துமை தெரியுது, கோயில் வேலை ஆரம்பிக்கும்போது நற்கருணைப் பேழையில இருக்குறத எடுத்து பக்கத்து கன்னியர் மடத்து சிற்றாலயத்துலயோ வேற தகுதியான இடத்துலயோ வைப்பாங்க, அங்க விளக்கு எரியும். கோயிலையும் பீடத்தையும் அர்ச்சிக்கும்போது கிறிஸ்மான்னு ஒரு புனித தைலம் பூசுவோம், எண்ணெய் பூசுறதுன்னா உங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா உள்ளுக்குள்ள வேற. எங்களுக்கு சாமி அந்தக் கல்லுல ஸ்தாபிக்கப்படுறதில்ல, ஒவ்வொரு பூசையிலயும் அப்ப ரசத்துல வர்றாரு, அந்த அப்பத்தோட தன்மை இருக்குற வரைக்கும் அந்த இருப்பும் இருக்கு. மிச்சம் இருக்குறதத்தான் நோயாளிகளுக்குக் கொண்டு போகவும் ஆராதனைக்கும் பேழையில வைக்குறோம்.

எங்க கோயில் காலியா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா பெரிய வெள்ளிக்கிழமை வாங்க. வியாழக்கிழமை ராத்திரி பூசை முடிஞ்சதும் நற்கருணைய வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க, பீடத்துத் துணி உருவியாச்சு, பேழைக் கதவு திறந்து கெடக்கும், சிவப்பு விளக்கு அணைஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை உலகம் பூரா எங்கயும் பூசை கிடையாது. அன்னிக்கு உள்ள நுழைஞ்சா குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கும் சார். அதே சுவரு, அதே கலர் கண்ணாடி, எல்லாம் இருக்கு.

பழைய_பாண்டி:

சம்பா கோயில் பேர் வந்ததால சொல்றேன். இப்ப மிஷன் தெருவுல நிக்குற கட்டடம் 1791ல முடிஞ்சது. அதுக்கு முந்தினத 1761ல இங்கிலீஷ்காரன் ஊரோட சேர்த்து இடிச்சுட்டான். கணக்குப் போடுங்க, 30 வருஷம். அந்த 30 வருஷமும் பொறந்த புள்ளைக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்டுச்சு, செத்தவனுக்கு பூசை தேவைப்பட்டுச்சு. உங்க அம்மாவுக்கு மூணு வாரம்.

இன்னொரு விஷயமும் உண்டு, இதச் சொல்லாம விட்டா பாதி உண்மைதான். அந்த இடிபட்ட கோயிலுக்குள்ள சாதி பாத்து மக்களைப் பிரிச்சு ஒரு சுவர் இருந்துச்சு. 1745ல அந்தச் சுவர எடுத்த தகராற, பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு. நற்கருணையில சாமி இருக்காருன்னு நம்புனவங்கதான் நடுவுல சுவரும் வச்சுக்கிட்டாங்க. வாத்தியார் ரெண்டாவது தடவ ஆவிய கேப்பாங்கன்னு சொன்னாரே, எல்லாரும் ஒண்ணாகணும்னு, அந்த ஜெபம் அந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் கேட்டிருக்கும்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதுனதும் இதேதான், இருக்குறவன் தின்னுட்டு குடிச்சு போதையில இருக்கான், இல்லாதவன் பசியோட நிக்குறான், இப்படிக் கூடிட்டு ஆண்டவரோட விருந்துன்னு சொல்லாதீங்கன்னு கடுப்பா எழுதுவாரு. சாமி வர்றது நம்ம கையில இல்ல, வர்றப்ப அவரை என்ன நிலைமையில உக்கார வைக்குறோம்ங்கறது நம்ம கையிலதான் இருக்கு. இன்னிக்கும் நம்ம ஜில்லாவுல தனித்தனி கல்லறை கேட்டா இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா உங்களால?

நான்_கேட்பேன்:

அண்ணே இந்த ஒரு பதிலுக்காக நான் கேட்ட ரெண்டு கேள்வியையும் வாபஸ் வாங்கிக்குறேன். நன்மை வாங்குற விஷயத்த யோசிக்குறேன், பாவசங்கீர்த்தனத்துக்கு வேற ஊருக்குத்தான் போவேன் அது வேற.

உப்பளம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அம்மாவுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். சட்டம் 932க்கு ஒண்ணும் சொல்லல, அகுஸ்தீனுக்கு கொட்டாவி விட்டாங்க, தானே புயல் வந்ததும் எழுந்து உக்காந்துட்டாங்க, அப்ப அவங்களும் கடலூர்ல மாமா வீட்டுல மாட்டிட்டு இருந்தவங்கதான். ஆர்மோனியம் அக்காவுக்கு ஸ்பெஷலா தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க, ஒருத்தியாவது எனக்காகப் பேசுனாளேன்னு.

சுவர் விஷயம் படிச்சப்ப அப்பா ஒண்ணு சொன்னாரு, எங்க கோயில்ல முன்னாடி நாலு பெஞ்சுக்கு யாரு யாரு உக்காரணும்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு, மண்டபத்துல பிளாஸ்டிக் சேர், யாரு மொதல்ல வந்தாலும் முன்னாடி. எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா மூணு வாரமா மொத வரிசையில உக்காருறாங்களாம், நான் கவனிக்கவே இல்ல.

இன்னிக்குக் காலைல அம்மா ஆட்டோவுக்குப் போன் பண்ணல. ஆனா ஆறு மணிக்கே என்னையும் எழுப்பி பீரோவுலேருந்து அவங்க கல்யாணத்துக்கு வாங்குன வெள்ளை வேட்டி ஒண்ண எடுத்துட்டு மண்டபத்துக்குப் போயி அந்தத் தெர்மாகோல் மேல கட்டிட்டாங்க, மேனேஜர் கத்துனாரு, அம்மா காதுலயே வாங்கல. அப்புறம் வாசல்ல செருப்ப கழட்டுனாங்க. அதைப் பாத்து பின்னாடி வந்தவங்களும் கழட்ட, பூசை முடியும்போது வாழைமரத்தடியில முன்னூறு ஜோடி செருப்பு, கேட்டரிங் வண்டி உள்ள வர முடியாம ஹாரன் அடிச்சிட்டே நிக்குது. அதுல என் செருப்பு ஒண்ணு மாறிப்போச்சு. பேட்டா, பிரவுன் கலர், 7ஆம் நம்பர், இங்க யாராவது போட்டுட்டுப் போயிருந்தா அடுத்த ஞாயிறு கொண்டாந்துடுங்க.